மாதா போகட்டும்

அன்பியத்துக்கு ஒரு செயலாளர் வேண்டும் என்று பங்குச்சாமியார் கேட்டபோது, எல்லாரும் என்னைத்தான் கைகாட்டினார்கள். அன்பியம் என்பது வேறொன்றும் இல்லை. நாலைந்து தெருக்களில் இருக்கிற கத்தோலிக்க வீடுகளை ஒரு குழுவாகச் சேர்த்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. நெல்லித்தோப்பில் எங்கள் அன்பியத்தில் முப்பத்தோரு வீடுகள். என்னைக் கைகாட்டியதற்குக் காரணம் என் பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வாய் நீளம், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், எதையும் வரிசைப்படி செய்யாவிட்டால் சோறு இறங்காது. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் என்னைக் 'கலெக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் கோயிலில் இருந்து ஒரு மாதா சுரூபம் எங்கள் அன்பியத்துக்கு வரும். ஒன்றரை அடி உயரம், கண்ணாடிப் பெட்டிக்குள் நீல அங்கியோடு நிற்கும். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு மாதா இருக்கிற வீட்டில் எல்லாரும் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடி, சுரூபத்தை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே ஜெபமாலை, பிரார்த்தனை, கொஞ்சம் சுண்டல், டீ. மறுநாள் சாயங்காலம் வரை மாதா அந்த வீட்டில் இருப்பார். முப்பத்தோரு வீடு, முப்பத்தோரு நாள். உபரியாக ஒரு நாள்கூட இல்லை. இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப்போனதில் எனக்கு ஏக சந்தோஷம். பட்டியலைக் கணினியில் அடித்து, வீட்டுக்கு ஒன்றாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாதா தங்குகிற நாளைக்கு எங்களிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. கறி மீன் கிடையாது. டிவி போட மாட்டார்கள். விளக்கு அணையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்கு வீட்டில் யாரும் யாரையும் அதட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று தெரியாது, சாமியார்கள் யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை. தினமும் தள்ளாடிக்கொண்டு வருகிற ஆள்கூட அன்று சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

இனி அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது, ஏனென்றால் எனக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனும் மனைவியும் ஐந்து வயசுப் பெண் பிள்ளையும் எங்கள் பின் தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வெள்ளைச் சட்டை, ஓரமாக வகிடு, வாயில் எப்போதும் 'அக்கா'. ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவன்தான் வாசிப்பான். அவன் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். அன்பியக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவான், கடைசி ஆளாக எடுத்து அடுக்குவான். நம் பிள்ளைகள் இப்படி இல்லையே என்று எத்தனை வீட்டில் அவனை உதாரணம் காட்டியிருப்பேன்.

அவன் மனைவி அதிகம் பேச மாட்டாள். கூட்டத்தில் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். எல்லாரும் செருப்பைக் கழற்றி ஒரே குவியலாக விட்டிருப்போம். அவள் மட்டும் தன் செருப்பையும் பிள்ளையின் செருப்பையும் தனியாக, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பாள். ஒழுங்கான பெண் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒழுங்கு என்றால் உயிர் இல்லையா, வேறெதுவும் கண்ணில் படவில்லை.

போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அவள் கோயில் வளாகத்தில் எனக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிக் காட்டினாள். காட்டிவிட்டு இறக்கிக்கொண்டாள். பார்த்ததை எழுத எனக்கு மனசில்லை. அவன் எதற்கு அடிப்பான் என்று கேட்டேன். காரணம் வேண்டியதில்லை என்றாள். அடிப்பதற்கு முன்னால் ஜன்னல்களைச் சாத்துவானாம், அடித்த பிறகு இரண்டு பேரும் மண்டிபோட்டு ஒரு மன்னிப்பு ஜெபம் சொல்ல வேண்டுமாம். மன்னிப்பு கேட்க வேண்டியது அவள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிலுவை இருக்கிறது, சுமந்துதான் ஆக வேண்டும் என்றேன். அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பதினான்கு ஸ்தலங்களிலும் முட்டிபோட்டு எழுந்திருந்தோம், வார்த்தை நாக்கிலேயே இருந்தது. இப்போது நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல் இருக்கிறது. சிலுவையை ஆண்டவர் தானாகத் தூக்கிக்கொண்டார். இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கச் சொன்னதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை, சாமியாரிடம் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனுஷர், வயதானவர். மறுநாளே அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். விவிலியத்தின் மேல் கைவைத்து, இனிமேல் அவளைத் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். சாமியார் இரண்டு பேருக்கும் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். நானும் அழுதேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்து, அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆகஸ்டில் பங்குக் கணக்கெடுப்புக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெயிலில் நாலு தெரு சுற்றியிருந்ததால் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. வெளியே வந்து பார்த்தால் படுக்கையறைக் கதவிலும் நாலு ஓட்டை, சமையலறைக் கதவிலும் நாலு ஓட்டை. வாடகை வீட்டில் யார் இதையெல்லாம் கழற்றினார்கள் என்று கேட்டேன். அவன்தான் பதில் சொன்னான், சிரித்துக்கொண்டே.

"வூட்டுக்குள்ள எதுக்குக்கா தாப்பா? குடும்பத்துல ஒருத்தருக்கொருத்தர் மறைவு இருக்கக் கூடாதுக்கா. தியானத்துல சொன்னாங்க."

அவள் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.   குடித்துவிட்டு, நல்ல கொள்கைதான் தம்பி என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் ஒரு தடவை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை தாழ்ப்பாளும் கழன்றிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. சாமியாரிடம் போட்ட சத்தியத்துக்கு அவள் கொடுத்த விலை அது. மாடிப்படி இறங்கும்போது கீழ் வீட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் நிற்கவில்லை, இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது.

அக்டோபர் வந்தது. மழைக்கு மூட்டம் போட்டுக்கொண்டு பெய்யாமலே புழுங்கிய நாட்கள். பட்டியல்படி ஒரு வியாழக்கிழமை மாதா அவர்கள் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வெள்ளி, சொல்தா வீடு. சனிக்கிழமை எங்கள் வீடு.

சொல்தா வீடு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இப்போது எல்லாரும் பிரான்சில் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து வீட்டைத் திறப்பார்கள். எங்கள் அன்பியத்தின் பெரிய வீடு அதுதான். மாதா வருகிற நாளுக்கு என்றே டிக்கெட் போட்டு வந்திருந்தார்கள். அறுபது பேருக்குச் சாப்பாடு, வாசலில் பந்தல், நாலு பேர் வாத்தியம். அந்த அம்மாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பட்டியல் போட்டதற்கு மூன்று முறை 'மெர்சி' சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். படியெல்லாம் சீரியல் லைட், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மல்லிகைச் சரம். ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளையும் அவனே முன்நின்று சொன்னான். அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலை நடக்க நடக்க அவள் கண் சுரூபத்தை விட்டு அகலவே இல்லை. பக்தி என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

வெள்ளி காலை ஒன்பது மணி இருக்கும். மறுநாள் எங்கள் வீட்டு முறை என்பதால் ஹாலை ஒழித்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வாம்மா என்றேன், தரை ஈரம், அதனால் அழுத்திக் கூப்பிடவில்லை.

"அக்கா, மாதாவ ஞாயித்துக்கெழம வரைக்கும் எங்க வூட்லயே வெச்சிக்கலாமா?"

இதென்ன கூத்து என்று இருந்தது எனக்கு. முப்பத்தோரு வீட்டுப் பட்டியலில் ஒரு வீட்டில் மூன்று நாளா? எதற்கு என்று கேட்டேன். அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் சிதம்பரம் பக்கத்தில் இருந்து வேன் எடுத்துக்கொண்டு வருகிறார். லோடு வண்டி ஓட்டுகிறவர், அன்றைக்குத்தான் ஓய்வு. அவளும் பிள்ளையும் அவரோடு போய்விடப் போகிறார்கள். திரும்பி வருவதாக இல்லை. அவளுடைய ஆதார், பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் அவனிடம் இருக்கின்றன, அவை போனால் போகட்டும்.

"அவருக்குத் தெரிஞ்சிபோச்சுக்கா. நேத்து காலைல போன எடுத்துப் பாத்துட்டாரு. ஒண்ணுமே சொல்லல. சிரிச்சாரு. மாதா வந்துட்டுப் போகட்டும், பேசிக்கலாம்னாரு. இன்னிக்கு லீவு போட்டுட்டு வூட்லயே கெடக்காரு. மாதா இருக்கறப்ப கைய ஓங்க மாட்டாருக்கா. ரெண்டே நாளுக்கா."

எனக்கு விளங்காமல் இல்லை. அதை மறைக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். 'மாதா போகட்டும்' என்று அவன் சொன்ன குரல் எனக்கே கேட்டது, வாசகம் வாசிக்கிற அதே குரல். ஆனால் அதே நிமிஷத்தில் என் மண்டைக்குள் ஓடியது என்ன? பந்தல், வாத்தியம், அறுபது இலை. சொல்தா வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அவர்களிடம் போய் மாதா இன்று வர மாட்டார் என்று யார் சொல்வது, என்ன காரணம் சொல்வது? சாமியாரும் ஊரில் இல்லை, ஞானஒடுக்கத் தியானத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார்.

பட்டியல் போட்டாயிற்று, என்னால் மாற்ற முடியாது என்றேன். அவர்கள் டிக்கெட் போட்டு வந்திருக்கிறார்கள் என்றேன். சாமியார் வந்ததும் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் ஒன்று சொன்னேன், அதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லா ஜெபம் பண்ணும்மா. மாதா பாத்துப்பாங்க."

"சரிக்கா" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. நேரமாச்சு, தேடுவாரு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவள் போன பிறகு எனக்கு எரிச்சலாக வந்தது. காலையிலேயே வந்து மனசைக் கெடுத்துவிட்டாளே என்ற எரிச்சல். சொல்தா வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார்களா, யாருக்குத் தெரியும்? நான் போடவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, அவர் ஏதாவது செய்யச் சொல்லுவார் என்று தெரியும்.

சாயங்காலம் ஆறரைக்கு அவர்கள் வீட்டுப் படியின் கீழ் எல்லாரும் கூடினோம். வாத்தியக்காரர்களும் வந்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியை அவனே தூக்கினான், யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு படியாக, பின்னால் பார்க்காமல் இறங்கினான். அவள் மாடிப்படியின் மேலே நின்றாள். இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பெட்டி போகிற திசையையே பார்த்தாள். அவள் வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள்.

"தல வலிங்க. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான்.

பிள்ளை எங்களோடு வந்தது. சொல்தா வீட்டில் அந்த அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டபடி மாதாவை வாங்கினார். அவன் பெட்டியை மேடையில் வைத்து, மாலையைச் சரிசெய்து, கண்ணாடியைத் தொட்டு முத்தமிட்டான். அதன் பிறகு அவனை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பிரார்த்தனை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்தான். மூன்று வருஷத்தில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவன் எழுந்து நான் கண்டதில்லை. பிள்ளையின் தோளில் கைவைத்து, வா பாப்பா, அம்மா காத்துக்கிட்டு இருப்பா என்றான். போகிற வழியில் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். நான் கைகூப்பினேன். அப்புறம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது விஷயம் தெரிந்தது. அவள் மொட்டை மாடியில் இருந்து விழுந்துவிட்டாள். மழை வருகிறதே என்று காய்ந்த துணியை எடுக்கப் போனவள் கால் வழுக்கி விழுந்ததாக அவன் சொல்லியிருந்தான். இடுப்பெலும்பு, ஒரு கை, முன்பற்கள். உயிர் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது அவன் இல்லை. பிள்ளை அலறுவதைக் கேட்டு மேலே ஓடியவர் கீழ் வீட்டு அம்மாதான், ஆட்டோ பிடித்து, கீழே விழுந்து கிடந்தவளை மடியில் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான். அவர் மேலே போனபோது, அன்று சாயங்காலம் வரை மாதாவை வைத்திருந்த வெறும் ஸ்டூலுக்கு முன்னால் அவன் மண்டிபோட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"அன்னிக்குத் துணியே காயப்போடலம்மா" என்றார் அந்த அம்மா என்னிடம், ஆஸ்பத்திரி வராந்தாவில். "கொடி வெறுசாத்தான் கெடந்துது. போலீசுல சொல்லிட்டேன். நீங்கல்லாம் ஒரே கோயிலு, கேப்பீங்கன்னு இருந்தேன். நான் வேத்து ஆளு, எப்பிடி உள்ள பூந்து கேக்கறதுன்னு நெனச்சிட்டேன்."

அவர் சேலையில் ரத்தம் காய்ந்து இருந்தது. சுவிசேஷக் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கோயில்காரனும் ஒதுங்கிப் போனதையும், வேற்று இனத்தான் தூக்கிச் சுமந்ததையும் மறைக்கல்வி வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கடைசியில் கேள்வியும் கேட்பேன், இவர்களில் நீ யார் என்று. பிள்ளைகள் சரியாகச் சொல்லுவார்கள்.

அன்பியத்தில் இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பொருளாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது குடும்ப விவகாரம், நாம் வாயைக் கொடுத்தால் பங்கின் பேர் கெட்டுவிடும், சாமியார் வரட்டும் என்றார். தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் போலீஸ் வந்து, செயலாளர் யார் என்று கேட்டு, அந்தப் பெண் எப்போதாவது என்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாளா என்று கேட்டார். மூன்றடி தூரத்தில் அவன் நின்றிருந்தான். அதே வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. பொருளாளர் தொண்டையைச் செருமினார்.

நான் சொன்னேன். சிலுவைப்பாதை அன்று காட்டிய தோளில் இருந்து, தாழ்ப்பாள் ஓட்டையில் இருந்து, வெள்ளி காலை கேட்டில் நின்று கேட்டதுவரை எல்லாம் சொன்னேன். நான் என்ன பதில் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் போலீஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொடர்ந்து எழுதினார். அவன் என் பக்கம் வந்தான். சத்தம் போடவில்லை.

"நல்லா இருங்கக்கா" என்றான்.

வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வந்துவிட்டான். அந்த மாடி வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்கள் பக்கத்துத் தெருவுக்கே வந்திருக்கிறான். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறான், இப்போது வாசிப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருகிறான். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கிற நேரத்தில் எல்லாரும் திரும்பிக் கைகூப்புவார்கள். அவன் முதலில் எனக்குத்தான் கூப்புவான், புன்னகையோடு. நான் இன்னும் கூப்பவில்லை. மன்னிக்கத் தெரியாதவள், கல் நெஞ்சுக்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் அன்பியத்தில் உண்டு. ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்று என்னிடமே வேதம் ஓதுகிறார்கள். எழுபது தரம் மன்னித்துத்தானே அவள் மாடிவரை போனாள் என்று ஒரு நாள் கத்திவிட்டேன். சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் இப்போது கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறார். எதற்கு என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஆனால் அவனைப் பற்றிய பயத்தை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு ஒன்று. அது அந்தச் சனிக்கிழமை மத்தியானமே நடந்தது.

அவளை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தகவல் தெரிந்து அண்ணன் ஒரு நாள் முன்னதாகவே வேனோடு வந்துவிட்டார். கருத்து மெலிந்த மனுஷர், வராந்தா பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  நான் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை வாங்கிக்கொண்டது, பிரிக்கவில்லை. 

"இன்னிக்கு மாதா யாரு வூட்ல?" என்று கேட்டது.

"எங்க வூட்ல பாப்பா. சாயங்காலம் வராங்க" என்றேன்.

"அப்ப அம்மாவ உங்க வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடலாமா? அங்க அடிக்க மாட்டாங்கல்ல."

என் வீட்டில் மூன்று படுக்கையறை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர் போய் நாலு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் கேட்டில் நின்றபோது, மாதா வருகிறாரே என்று அந்த இரண்டு அறைகளையும் திறந்து, மெத்தையை உதறி, புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன். மாதாவைத் தர முடியாது என்று அவளிடம் காரணத்தோடு சொல்லத் தெரிந்தவளுக்கு, நீ வந்து இருந்துகொள் என்று சொல்லத் தோன்றவில்லை. பயந்து, கஞ்சத்தனப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறும். தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை. எங்களிடம் சுரூபத்தைத்தான் கேட்க முடியும், வீட்டைக் கேட்க முடியாது என்று அவளுக்கு எங்களைப் பார்த்துப் பார்த்தே தெரிந்திருக்கிறது.

தாராளமாக வரலாம் பாப்பா, அம்மாவும் நீயும் எங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றேன்.  பிள்ளை வேறு யோசனையில் இருந்தது.

"உங்க வூட்ல மாதா எத்தினி நாளு இருப்பாங்க?"

நான் வாயைத் திறந்தேன். பழக்கம், உண்மையைச் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்று சொன்னேன்.

பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டை என் மடியில் திருப்பி வைத்தது.

"வேணாம் மாமா" என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. "நம்ம ஊருக்கே போயிடலாம்."

அவர் என்னைப் பார்க்காமலே எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அறுவை அறைப் பக்கம் நடந்துபோனார்.